தண்ணீருக்குப் போட்ட பிண்ணாக்கு

ஆடிக் காற்று வள்ளியூரில் எப்படி அடிக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து, முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றி, பணகுடி தாண்டி எங்கள் வயலுக்கு வந்து சேரும்போதும் அதன் வேகம் குறைந்திருக்காது. 2009-இல் அப்படியொரு ஆடி மாதத்தில்தான் நான் முதன்முதலாக வாங்கிவிட்ட 2 லட்சம் கட்லாக் குஞ்சுகளைப் பறிகொடுத்தேன்.

நெல் போட்டு வந்த வயலில் 10 சென்ட்டை வெட்டி நாற்றங்கால் குளமாக்கியிருந்தேன். போர்த் தண்ணீர் இடுப்பளவு நின்றது. கடலைப் பிண்ணாக்கையும் அரிசித் தவிட்டையும் சமபங்கு இடித்துச் சலித்து, மாவாக்கி, மேல்கரையில் நின்று தூவினேன். பாதி காற்றோடு போயிற்று. மீதி தண்ணீரின் மேல் படலமாக மிதந்து கீழ்க்கரை மூலையில் ஒதுங்கியது. குஞ்சுகளுக்குப் பசிக்குமே என்று மறுநாள் அளவைக் கூட்டினேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் அந்த மூலையிலிருந்து புளித்த வாடை வந்தது. தண்ணீரில் கையை விட்டால் வழவழத்தது. கொசுவலைத் துணியை இரண்டு பேர் பிடித்து இழுத்துப் பார்த்தோம். உயிரோடு வந்தவை ஒரு கைப்பிடி தேறவில்லை.

இரண்டு நாள் கழித்து மீன்வளத் துறைக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். என்ன போட்டேன், எவ்வளவு போட்டேன் என்று எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“அண்ணாச்சி, புண்ணாக்கைக் குஞ்சுக்குப் போட்டிருக்கிய. முதல்ல தண்ணிக்குல்லா போடணும்?”

இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்ட மற்ற எல்லாமே அந்த ஒரு வார்த்தைக்கு விரிவுரைதான்.

அன்று அவர் என் குளத்துத் தண்ணீரை வாளி வாளியாக 50 லிட்டர் மொண்டு, நெருக்கமாக நெய்த கூம்புத் துணியில் ஊற்றினார். அடியில் தங்கியதைக் கண்ணாடிக் குழாயில் வடித்து வெயிலுக்கு நேராகப் பிடித்தார். வண்டல்தான் இருந்தது. அசைவது எதுவும் இல்லை. “இதுல ஒண்ணு ரெண்டு மில்லியாவது உசிரு நிக்கணும். அது நிக்காத தண்ணியில குஞ்சு விட்டா, கொலைப் பட்டினிதான்” என்றார்.

அதன் பிறகுதான் குஞ்சின் உடம்பு எனக்குப் புரிந்தது. முட்டையிலிருந்து வெளிவந்ததும் குஞ்சுக்கு வாய் திறந்திருக்காது. வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கருவை வைத்தே மூன்று நாள் ஓட்டும். கரு தீர்ந்து வாய் திறக்கும்போதுதான் அதை நம்மிடம் தருவார்கள். நுண்குஞ்சு என்று பெயர். 6 முதல் 8 மில்லிமீட்டர் நீளம். இரண்டு கண்ணும் ஒரு வாலும்தான் தெரியும். ஒரு லட்சம் குஞ்சுகளை நிறுத்தால் 140 கிராம் வரும்.

ரோகு வளர்ந்த பின் பாசியும் செடியும் மேயும். மிர்கால் அடிச்சேற்றில் மட்கியதைத் தின்னும். ஆனால் இந்த வயதில் ரோகு, மிர்கால், கட்லா மூன்றுமே வேட்டைக்காரர்கள். கண்முன் துள்ளும் ரோட்டிஃபர், மொய்னா போன்ற நுண்ணுயிர்களைத்தான் துரத்திப் பிடிக்கும். வளர்ந்த ரோகுவின் குடல் சுருள் சுருளாக உடம்பின் நீளத்தைப் போலப் பல மடங்கு இருக்கும். செடியைச் செரிக்க அவ்வளவு நீளம் வேண்டும். நுண்குஞ்சின் குடலோ நேரான சின்னக் குழாய். பெரியவனாகிச் சைவம் சாப்பிடப்போகும் மீனும் குழந்தையாக இருக்கும்போது அசைவம்தான். இது தெரியாமல்தான் பிறந்த பிள்ளைக்குச் சோறு பிசைந்து ஊட்டப் பார்த்தேன்.

என் அப்பா மீன் வளர்த்தவர் அல்லர். இருந்தும் நான் சொன்னதைக் கேட்டதும் அவருக்கு உடனே விளங்கிவிட்டது. “நாத்தங்கால்ல விதை போடுததுக்கு முன்னாடி எதுக்குல குழை போட்டு மிதிக்கோம்? விதை குழையைத் திங்கவா செய்யுது?” என்றார். குழை மண்ணுக்கு, மண் விதைக்கு. பிண்ணாக்கு தண்ணீருக்கு, தண்ணீர் குஞ்சுக்கு.

மறுமுறை அந்த முறைப்படியே செய்தேன். ஒரு ஹெக்டேர் நாற்றங்காலுக்குக் கடலைப் பிண்ணாக்கு 750 கிலோ, சாணம் 200 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 50 கிலோ என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. என் 10 சென்ட்டுக்குப் பிண்ணாக்கு 30 கிலோ, சாணம் 8 கிலோ, பாஸ்பேட் 2 கிலோ. இதில் பாதியை முந்தின நாளே ஊறவைத்து, தோசை மாவுப் பதத்தில் கரைத்து, குஞ்சு விடுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே குளம் முழுவதும் தெளித்தேன். மீதியைக் குளத்தின் நிறம் பார்த்துச் சிறுகச் சிறுகப் பிறகு ஊற்றினேன். பிண்ணாக்கு அழுகினால் பாக்டீரியா பெருகும். அதையும் பாசியையும் தின்று ரோட்டிஃபர் பெருகும், அடுத்து மொய்னா வரும். மூன்றாம் நாள் தண்ணீர் லேசான பழுப்புப் பச்சைக்கு மாறியது. டம்ளரில் மொண்டு வெயிலில் பிடித்தேன். வெள்ளைப் புள்ளிகள் துடித்துத் துடித்து ஏறி இறங்கின. தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் மகிழ்ச்சி அது.

அதோடு இன்னொன்றும் செய்ய வேண்டும். குளத்தில் உயிர் பெருகினால் குஞ்சைத் தின்னும் பூச்சிகளும் பெருகும். மல்லாக்க நீந்தும் பூச்சி, நீர்வண்டு போன்றவை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். மலிவான சோப்பைக் கரைத்து எண்ணெயோடு அடித்து, குஞ்சு விடுவதற்கு முந்தின நாள் காற்று அடங்கிய நேரத்தில் நீர்மேல் தெளித்தால் அவற்றின் மூச்சுத்துளை அடைபட்டுச் சாகும். எங்கள் ஊரில் ஆடி மாதத்தில் காற்று அடங்கும் நேரம் வாய்ப்பதே அருமை. அதற்காகவே பல நாள் அதிகாலை 4 மணிக்கு எழுந்திருக்கிறேன்.

குளத்து உயிரில் ஏன் இவ்வளவு கருத்தாக இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நல்ல கடலைப் பிண்ணாக்கில் புரதம் நூற்றுக்கு 42 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். தவிட்டில் 12. இரண்டையும் சமமாகக் கலந்தால் 27. வாய் திறந்த குஞ்சுக்கோ 40-க்கு மேல் வேண்டும். அந்த இடைவெளியைப் பிண்ணாக்கைக் கூட்டி அடைக்க முடியாது. கூட்டினால் தண்ணீர்தான் கெடும். மொய்னா போன்ற நுண்ணுயிர்களின் உலர்ந்த உடம்பில் பாதிக்கு மேல் புரதம். கையால் போடும் தீவனம் துணைச் சோறு; முதற்சோற்றைக் குளம்தான் ஆக்கிப் போடுகிறது.

இந்தக் கணக்கெல்லாம் நம் நாட்டில் உருவானதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை உண்டு. ஒரு காலத்தில் கட்லா, ரோகு போன்ற கெண்டைக் குஞ்சு வேண்டுமென்றால் வங்காளத்து ஆறுகளில் வெள்ளம் வரும்போது வலைகட்டிப் பிடித்துத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. அதில் எது கட்லா, எது காட்டு மீன் என்று பிரிப்பதே பெரும்பாடு. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹிராலால் சௌதுரி, பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி போட்டுக் கெண்டை மீன்களைக் குளத்திலேயே முட்டையிட வைத்தார். அந்த நாளைத்தான் தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகிறோம். அதன் பிறகு லட்சக்கணக்கில் குஞ்சு கிடைத்தது; அத்தனை குஞ்சுக்கும் மலிவாக என்ன கொடுப்பது என்ற கேள்வியும் கூடவே வந்தது. வங்காளத்தில் செக்கிலிருந்து வந்த கடுகுப் பிண்ணாக்கு அதற்கு விடையானது. நமக்குக் கடலைப் பிண்ணாக்கு. தூத்துக்குடியில் 1977-இல் மீன்வளக் கல்லூரி வந்தது. மணிமுத்தாறு அணையடியில் அரசு மீன்பண்ணை இருக்கிறது. எங்கள் தாமிரபரணிப் பக்கத்துக் குளங்களில் கட்லாவும் ரோகுவும் ஊர் மீன்களாகிவிட்டன.

குஞ்சு குளத்தில் இறங்கிய பின் கைத்தீவனம் தொடங்கும். முதல் 5 நாள் லட்சத்துக்கு 600 கிராம், அடுத்த 10 நாள் 1.2 கிலோ; காலையும் மாலையும் பாதிப் பாதி. என் 2 லட்சத்துக்கு 15 நாளில் மொத்தம் 30 கிலோதான் செலவு. ஆனால் அதை எப்படிப் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மாவாகத் தூவுவதை நான் அந்த ஆடியோடு விட்டுவிட்டேன். முதல் நாட்களில் கரைத்துத் தெளிப்பேன். குஞ்சு ஓரளவு தேறியதும் இறுகப் பிசைந்து உருண்டையாக்கி, வாயகன்ற மண்சட்டிகளில் வைத்து, தண்ணீருக்குள் முழம் ஆழத்தில் தொங்கவிடுவேன். காற்று தொடாது. இரண்டு மணி நேரம் கழித்துச் சட்டியைத் தூக்கினால் தின்றது எவ்வளவு, மிஞ்சியது எவ்வளவு என்று தெரியும். மிஞ்சியிருந்தால் அடுத்த வேளை குறைப்பேன். சட்டி சொல்வதை மீறி ஒரு பிடிகூடப் போடுவதில்லை.

20, 25 மில்லிமீட்டர் இளங்குஞ்சான பிறகு கதை மாறுகிறது. குடல் நீளத் தொடங்கும். குளத்து உயிரை மட்டும் நம்பினால் வயிறு நிறையாது. விரலளவு வளரும்வரை, அதாவது 8, 10 சென்டிமீட்டர் வரை, செடியிலிருந்து வரும் தீவனம் உண்மையிலேயே தீவனமாக வேலை செய்யும் காலம் இது. எதை வாங்குகிறோம், எதோடு சேர்க்கிறோம் என்ற அறிவு வேண்டியது இப்போதுதான்.

கருவாட்டுத்தூள் போட்டால் குஞ்சு கிடுகிடுவென்று வளரும். தூத்துக்குடி பக்கத்தில் இருப்பதால் எங்களுக்கு அது கிடைக்கவும் செய்யும். ஆனால் விலை தாங்காது. கடலும் தாங்காது. பெரு நாட்டுக் கடலில் 1972-73-இல் எல் நினோவால் நெத்திலி வகை மீன் வரத்து சரிந்தபோது உலகம் முழுவதும் மீன்தூளுக்குத் தட்டுப்பாடு வந்தது. சோயா விலை ஏறியது. எங்கோ ஒரு கடல் சூடானால் இங்கே கோழிக்கும் மீனுக்கும் சோறு இல்லை என்று ஆகிவிடக்கூடாது. நம் செக்கிலும் அரிசி ஆலையிலும் கிடைப்பதை வைத்தே குஞ்சை ஆளாக்க முடியும் என்பது என் அனுபவம். அதற்கு ஒவ்வொரு பிண்ணாக்கின் குணமும் தெரிந்திருக்க வேண்டும்.

கடலைப் பிண்ணாக்கில் புரதம் நிறைய உண்டு. ஆனால் அந்தப் புரதத்தில் லைசின், மெத்தியோனின் என்ற இரண்டு சத்துகள் குறைவு. எள்ளுப் பிண்ணாக்கில் மெத்தியோனின் நிறைவு, லைசின் குறைவு. சோயாவில் லைசின் உண்டு, மெத்தியோனின் போதாது. ஒன்றின் குறையை இன்னொன்று அடைக்கிறது. நம் வீட்டில் அரிசியோடு உளுந்தைச் சேர்த்து இட்லி அவிப்பதும் இதே கணக்குதான். நான் கடலையில் நாலில் ஒரு பங்கைக் குறைத்து எள்ளைச் சேர்த்த ஆண்டில் குஞ்சுகள் ஒரே சீராக வளர்ந்தன. பெரிதும் சிறிதுமாகப் பிரிந்து நிற்கவில்லை. சோயாவைப் பச்சையாகக் கொடுக்கக் கூடாது. செரிமானத்தைத் தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது. நன்றாகச் சூடு காட்டினால் அது அழியும்.

தவிட்டை வாங்கும்போது நாக்கில் வைத்துப் பார்ப்பேன். அரைத்த நேரத்திலிருந்தே தவிட்டின் எண்ணெய் கெடத் தொடங்கிவிடும். நாள்பட்டால் கசக்கும், காறும். புழுங்கலரிசித் தவிடு ஏற்கெனவே வெந்திருப்பதால் பச்சரிசித் தவிட்டைவிட அதிக நாள் தாங்கும். இன்னொரு குறையும் தவிட்டில் உண்டு. அதிலுள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி பைட்டேட் என்ற பூட்டுக்குள் கிடக்கிறது. கெண்டை இனத்துக்கு நம்மைப்போல இரைப்பை கிடையாது, அமிலமும் சுரக்காது. அந்தப் பூட்டை அதனால் திறக்க முடியாது. அதனால் தாது உப்பைக் கொஞ்சம் தனியே சேர்க்கத்தான் வேண்டும்.

திசையன்விளைப் பக்கமெல்லாம் முருங்கைத் தோட்டம். காய்க்குத்தான் விலை, கவாத்து செய்த கிளைகளின் இலை வீணாகக் கிடக்கும். அதை நிழலில் உலர்த்திப் பொடித்துத் தீவனத்தில் சேர்த்துப் பார்த்தேன். உலர்ந்த முருங்கையிலையில் நூற்றுக்கு 25 பங்கு அளவில் புரதம் உண்டு. பத்தில் ஒரு பங்கு சேர்த்தபோது குஞ்சுகள் விரும்பித் தின்றன. ஆசைப்பட்டு ஐந்தில் ஒரு பங்காக்கினேன். சட்டியில் மிச்சம் விழ ஆரம்பித்தது, வளர்ச்சியும் தளர்ந்தது. இலையில் சத்தோடு துவர்ப்பும் இருக்கிறது. நமக்கு ஒரு கைப்பிடி கீரை போதுவதுபோல அதற்கும் போதும். அசோலாவும் அப்படியே. தொட்டியில் வளர்த்து உலர்த்திச் சேர்க்கலாம்; முழுச் சோறாக நம்பக் கூடாது. பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கில் காசிபால் என்ற நஞ்சு உண்டு, குஞ்சுக்குக் கொடுப்பதில்லை. ஆமணக்குப் பிண்ணாக்கைத் தீவனக் கொட்டகைக்குள்ளேயே விடுவதில்லை.

இலுப்பைப் பிண்ணாக்கு மட்டும் தனி. குஞ்சு விடுவதற்கு முன் குளத்தில் ஒளிந்திருக்கும் விராலையும் கெளுத்தியையும் ஒழிக்க அதைத்தான் போடுவோம். ஒரு மீட்டர் ஆழமுள்ள 10 சென்ட்டுக்கு 100 கிலோ. அதிலுள்ள சப்போனின் செவுள் வழியே ரத்தத்தில் கலந்து சிவப்பணுக்களை உடைத்துவிடும். இரண்டு மூன்று வாரத்தில் வீரியம் போய், அதே பிண்ணாக்கு குளத்துக்கு உரமாகும். அவசரப்பட்டுப் பத்து நாளில் குஞ்சு விட்டால் விராலுக்கு நேர்ந்ததுதான் குஞ்சுக்கும். அதனால் ஹாப்பா கட்டி நூறு குஞ்சுகளை ஒரு நாள் உள்ளே விட்டுப் பார்க்காமல் ஒருபோதும் குளத்தைத் திறப்பதில்லை. ஹாப்பா என்பது கொசுவலைத் துணியில் தைத்த தொட்டி.

இத்தனையும் தெரிந்த பிறகும் ஒரு பெரும் தவறைச் செய்தேன். அதையும் எழுதியாக வேண்டும்.

2023 டிசம்பர் மழையை இந்த மாவட்டம் மறக்காது. பக்கத்து மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி கரை மீறியது. எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை. ஆனாலும் கொட்டகைக்குள் தண்ணீர் வந்து, கடலைப் பிண்ணாக்கு மூட்டைகளின் அடி நனைந்தது. வெயில் வந்ததும் உடைத்துக் காயவைத்தேன். சில கட்டிகளில் பச்சையும் மஞ்சளுமாகப் பூஞ்சை பூத்திருந்தது. அந்த இடத்தைச் சுரண்டிப் போட்டுவிட்டு மீதியை இடித்துக் கொடுத்தேன். மூட்டை என்ன விலை விற்கிறது, தூக்கியெறிய மனம் வரவில்லை. மூன்று வாரத்தில் விரலளவுக் குஞ்சுகள் இரை எடுப்பதைக் குறைத்தன. ஒன்றிரண்டாகச் சாவு தொடங்கியது. அறுத்துப் பார்த்தால் ஈரல் வெளிறிப் போயிருந்தது.

அஃப்ளாடாக்சின் என்ற பெயரைப் பயிற்சியில் கேட்டிருந்தேன். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன; பிரேசிலிலிருந்து வந்த பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்குதான் காரணம் என்று தேடிக் கண்டுபிடித்தார்கள். அதே காலத்தில் அமெரிக்கப் பண்ணைகளில் ட்ரவுட் மீன்களுக்கு ஈரல் புற்று வந்தது. அங்கே குற்றவாளி பருத்திக்கொட்டைத் தீவனத்தில் வளர்ந்த பூஞ்சை. அந்த நஞ்சு வெயிலில் காயவைத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. பூஞ்சையைச் சுரண்டினாலும் அது கட்டிக்குள் இறங்கியிருக்கும். தெரிந்திருந்தும் ஆறு மூட்டைக்கு ஆசைப்பட்டேன். இன்று என் கொட்டகையில் மூட்டைகள் தரையிலிருந்து முழ உயரத்தில் பலகை மேல்தான் இருக்கும், சுவரைத் தொடாது. உடைத்ததும் பிண்ணாக்கை முகர்ந்து பார்ப்பேன். கடலை வாசம் வர வேண்டும். மக்கல் வாடை வந்தால் அந்த மூட்டை எருக்குழிக்கு.

ஐப்பசி, கார்த்திகை மழையில் குளங்கள் நிரம்பியதும் மீன்பாசிக் குத்தகை எடுத்தவர்கள் விரலளவுக் குஞ்சுகளான விரலிகளைக் கேட்டு வருவார்கள். நாங்குநேரி, விஜயநாராயணம், ராதாபுரம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவார்கள். எங்கள் குளங்களில் தண்ணீர் நிற்பது சில மாதம்தான். கூந்தன்குளத்துக்கு வரும் பறவைகளும் நம் குளங்களில்தான் இரை தேடும். சின்னக் குஞ்சாக விட்டால் அந்தச் சில மாதத்தில் விற்கும் எடைக்கு வராது. பறவைக்கும் விராலுக்கும் போக மிஞ்சாது. தேறிய விரலியாக விட்டால்தான் குத்தகைக்காரருக்குப் போட்ட பணம் திரும்பும். அவர்கள் குஞ்சை வாங்கும்போது எண்ணிக்கையைவிட வாலின் துடிப்பைத்தான் பார்ப்பார்கள். ஆக்ஸிஜன் பையில் கட்டுமுன் ஒரு நாள் பட்டினி போட்டுக் குடலைக் காலியாக்கி அனுப்புவேன். பை அவிழ்க்கும்போது அவை நீர்மட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஓட வேண்டும்.

முதல் ஆண்டு ஒரு கைப்பிடி தேறாத அதே 10 சென்ட்டில் இப்போது நூற்றுக்கு 35, 40 குஞ்சு கரையேறுகிறது. அன்றும் இன்றும் பிண்ணாக்கு அதேதான். போடும் நாளும், போடும் விதமும், யாருக்குப் போடுகிறேன் என்ற நினைப்பும்தான் மாறியிருக்கின்றன.

இந்த ஆடியிலும் காற்று அப்படியேதான் அடிக்கிறது. கரைசல் ஊற்றி இன்று மூன்றாம் நாள். விடிந்தும் விடியாமலும் மேல்கரையில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீரை மொண்டு, கிழக்கே வெளிச்சம் வரும்வரை கையிலேயே வைத்திருந்தேன். பிறகு தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். வெள்ளைப் புள்ளிகள் துடிக்கின்றன, ஏறுகின்றன, இறங்குகின்றன. டம்ளரைக் குளத்திலேயே கவிழ்த்துவிட்டுப் பண்ணைக்குப் போன் போட்டேன்.

“நாளைக்குக் குஞ்சை ஏத்தி விடுங்க. தண்ணி தயாரா இருக்கு.”